ஆயிரம் டொலர் வாக்குறுதியும் வயருக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையும்

(நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.)

உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். தொலைபேசி வயர் சொருகும் துளையை விடக் கொஞ்சம் அகலமான, உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் தெரிகிற துளைகள் சில இருக்கும். போர்ட் என்போம். அதில் ஒரு வயரைச் சொருகி, மறுமுனையைக் கணினியில் சொருகினால் ஓரிரு செக்கனில் சின்ன விளக்கு எரிகிறது. இணைப்பு வந்துவிட்டது என்று நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ரவுட்டர் போன வருடம் செய்யப்பட்டது. கணினி பதினைந்து வருடப் பழசாக இருக்கலாம். இரண்டையும் செய்த கம்பனிகள் வேறு, நாடுகள் வேறு. ஒன்றுக்கு செக்கனுக்கு 1000 மெகாபிட் ஓடத் தெரியும், மற்றதுக்கு 100 தான் தெரியும். எந்த வேகத்தில் கதைப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? நாம் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லையே.

வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: "அது ஓட்டோமெட்டிக் சேர்." ஓட்டோமெட்டிக் என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். இந்த ஓட்டோமெட்டிக்குக்குப் பின்னால் இரண்டு கட்சிகளின் போட்டி, பல வருடக் குழப்பம், எழுதிக் கொடுத்து மீறப்பட்ட ஒரு வாக்குறுதி எல்லாம் இருக்கின்றன. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

ஆரம்பத்தில் பேச்சுவார்த்தைக்குத் தேவையே இருக்கவில்லை. ஈதர்நெட் என்று நாம் சொல்லும் இந்த வயர் வலையமைப்பு பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள ஸெரொக்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில். 1973 மே 22ஆம் திகதி ரொபர்ட் மெட்காஃப் என்பவர் ஒரு குறிப்பை எழுதினார். அவரும் டேவிட் பொக்ஸும் அதைச் செய்து காட்டினார்கள். வேகம் செக்கனுக்கு 2.94 மெகாபிட். பின்னர் டிஜிட்டல், இன்டெல், ஸெரொக்ஸ் மூன்றும் சேர்ந்து 1980இல் அதை 10 மெகாபிட்டாக வெளியிட்டன. தடித்த ஒரு கேபிள் கட்டடம் முழுக்க ஓடும், எல்லாக் கணினிகளும் அதிலேயே தொங்கும். எல்லோருக்கும் ஒரே வேகம். 10 என்றால் 10.

அந்தக் கேபிளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைக்கலாம். வேறு யாரும் கதைக்கிறார்களா என்று முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். தற்செயலாக இருவர் ஒன்றாகத் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு சிறு நேரம் பொறுத்து, மறுபடி தொடங்க வேண்டும். மோதல் என்று இதற்குப் பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வில்லங்கம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

1990இல் இரண்டு விடயங்கள் நடந்தன.

ஒன்று, தடித்த கேபிளுக்குப் பதிலாகத் தொலைபேசி வயர் போன்ற முறுக்கிய சோடி வயரில் 10 மெகாபிட் ஓடும் முறை தரநிலையானது. இன்று நாம் பாவிக்கும் அதே எட்டுக் கம்பிச் சொருகிதான். ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனித்தனி வயர் நடுவிலுள்ள ஒரு பெட்டிக்குப் போகும், ஹப் என்று பெயர். வயர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய ஒரு சிறு ஏற்பாடும் செய்தார்கள். தரவு ஒன்றும் ஓடாத நேரத்தில் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 16 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை ஒரு சின்ன மின் துடிப்பை அனுப்பும். "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்வதுபோல. அந்தத் துடிப்பு வந்தால் மறுமுனையில் விளக்கு எரியும். வேறு எந்தச் செய்தியும் அதில் கிடையாது.

மற்றது, கல்பனா என்ற கம்பனி ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் இருந்து போன வினோத் பரத்வாஜ், கல்பனா அவருடைய மனைவியின் பெயர். ஹப் என்பது எல்லோரும் கூடிநின்று கதைக்கும் சந்தி மாதிரி. சுவிட்ச் ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை போட்டுக் கொடுத்தது. தனிப்பாதை வந்ததும், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் ஏன் முடியாது என்ற கேள்வி வந்தது. முடியும். இதுதான் புல் டூப்லெக்ஸ், இருவழிப் பாதை. பழையது ஹாப் டூப்லெக்ஸ், ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பாலம். பாலத்தில் எதிரே வாகனம் வந்தால் மோதல். இருவழிப் பாதையில் எதிரே வாகனம் வருவது சாதாரணம்.

ஆக இப்போது வேகம் ஒன்றுதான், ஆனால் கதைக்கும் முறை இரண்டு.

1992 அளவில் 10 மெகாபிட் போதாது, 100 வேண்டும் என்று தொழில்துறை கேட்கத் தொடங்கியது. இங்கே இரண்டு கட்சிகள். எச்.பி.யும் ஏ.டி. அண்ட் டி.யும், பழைய மோதல் முறையைத் தூக்கிவிட்டு, நடுப்பெட்டி ஒவ்வொருவருக்கும் முறை கொடுக்கும் புதிய ஒழுங்கை முன்வைத்தன. கிராண்ட் ஜங்ஷன் போன்ற கம்பனிகள், ஈதர்நெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் பத்து மடங்காக்குவோம் என்றன. தரநிலைகளை எழுதும் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பில் பெரிய வாக்குவாதம். முடிவில் இரண்டு கட்சிக்கும் இரண்டு குழு கொடுத்து, 1995இல் இரண்டுமே தரநிலைகளாக வந்தன. சந்தை ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டது. எச்.பி.யின் முறை சில வருடங்களில் மறைந்துபோனது. தொழினுட்பத்தில் அது மோசமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பழையதைக் கையில் வைத்திருப்பவனிடம் "எல்லாவற்றையும் மாற்று" என்று சொல்பவனை விட, "இருப்பதை வைத்துக்கொள், புதிதையும் பக்கத்தில் போடு" என்று சொல்பவனுக்கே கடையில் ஆள் சேரும்.

"பக்கத்தில் போடு" என்று சொல்வது இலகு. ஓர் அலுவலகத்தில் 200 கணினி இருந்தால் ஒரே இரவில் அத்தனை காட்டையும் மாற்ற முடியாது. பத்தும் நூறும் பல வருடம் கலந்து கிடக்கும். போதாததற்கு, சொருகி ஒரே வடிவம். 10க்கும் அதுதான், 100க்கும் அதுதான். எந்த வயர் எந்தத் துளைக்குள்ளும் போகும். தவறான வேகத்தில் சொருகினால் அந்த ஒரு கணினி மட்டும் கெடாது, ஹப்பில் தொங்கும் எல்லோருடைய வேலையும் நின்றுபோகலாம்.

ஆகவே இரண்டு முனைகளும் தாமாகவே கதைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

கருவிகள் கதைத்து முடிவெடுப்பது புதிய எண்ணமல்ல. டயல்-அப் இன்டர்நெட் காலத்தை அனுபவித்தவர்களுக்கு, இணையும்போது அந்த மோடம் போடும் கீச்சுச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். அது இரண்டு மோடங்கள் தங்களுக்குள் வேகம் பேசுகிற சத்தம்தான். ஃபெக்ஸ் இயந்திரமும் அப்படித்தான் செய்தது. ஈதர்நெட்டில் இருந்த சிக்கல் வேறு: உலகெங்கும் ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்த, பேசவே தெரியாத 10 மெகாபிட் கருவிகளைக் குழப்பாமல் பேச வேண்டும்.

நெஷனல் செமிகொண்டக்டர் என்ற சிப் கம்பனி 1994இல் அதற்கு ஒரு வழியைக் கொண்டு வந்தது. என்வே என்று பெயர். அதன் கெட்டித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"இருக்கிறேன்" என்று 16 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை வரும் அந்தத் துடிப்பு ஞாபகமா? அந்த ஒரு துடிப்பு வர வேண்டிய இடத்தில், மிக வேகமான துடிப்புகளின் ஒரு கொத்தை அனுப்பினார்கள். கொத்து முழுவதும் ஏறத்தாழ 2 மில்லி செக்கனில் முடிந்துவிடும். அதில் 33 இடங்கள். அவற்றில் 17 இடங்களில் கட்டாயம் துடிப்பு இருக்கும், தாளம் போடுவதற்காக. இடையிலுள்ள 16 இடங்களில் துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். ஆக 16 பிட் நீளமான ஒரு சிறு கடிதம்.

பழைய கருவி இதை எப்படிப் பார்க்கும்? அது ஒரு துடிப்பைக் கண்டவுடன், அடுத்த சில மில்லி செக்கனுக்கு வருவதைக் கணக்கில் எடுக்காது. எனவே அதன் காதில் கொத்து முழுவதும் வழமையான ஒரு துடிப்புத்தான். "ஆ, இருக்கிறார்" என்று விளக்கை எரியவிடும். புதிய கருவி மட்டும் அதே துடிப்புக்குள் கடிதத்தை வாசிக்கும். பழையவர் குழம்பவுமில்லை, புதியவர் காத்திருக்கவுமில்லை.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கும்? எனக்கு 10 தெரியும், 10 இருவழி தெரியும், 100 தெரியும், 100 இருவழி தெரியும் என்று தன் திறமைகளை ஒவ்வொரு பிட்டில் குறித்திருக்கும். மறுமுனையின் கடிதம் மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால், "கிடைத்தது" என்ற பிட்டை ஏற்றித் தன் கடிதத்தை மீண்டும் அனுப்பும். இருவரிடமும் இப்போது இரண்டு பட்டியலும் இருக்கின்றன. எது உயர்ந்தது, எது அடுத்தது என்ற வரிசை தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இருவருக்கும் பொதுவானவற்றில் மிக உயர்ந்ததை இருவரும் தனித்தனியாகத் தெரிவு செய்வார்கள். பட்டியலும் ஒன்று, வரிசையும் ஒன்று, அதனால் விடையும் ஒன்று. பேரம் பேசும் வேலையே இல்லை. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர், தமிழும் சிங்களமும் மட்டும் தெரிந்த ஒருவரைச் சந்தித்தால் ஆங்கிலம் தானாகவே கழன்றுவிடும் அல்லவா, அப்படி.

இன்னொன்றும் செய்தார்கள். அந்தப் 16 பிட்டில் கடைசிப் பிட்டை, "இன்னும் பக்கம் இருக்கிறது, பொறுங்கள்" என்று சொல்வதற்காக ஒதுக்கினார்கள். நாளை என்ன வேகம் வரும் என்று 1994இல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வரும் என்று தெரிந்திருந்தது.

இனி அந்த வாக்குறுதி. என்வே முறைக்கு நெஷனல் காப்புரிமை விண்ணப்பித்திருந்தது. காப்புரிமை உள்ள ஒன்றைப் பொதுத் தரநிலையில் சேர்த்தால், பிறகு சொந்தக்காரர் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டி வருமே என்ற பயம் எல்லோருக்கும் இயல்பு. 1994 ஜூன் 7ஆம் திகதி நெஷனல், ஐ.ஈ.ஈ.ஈ. குழுவின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியது: இது தரநிலையாக ஏற்கப்பட்டால், கேட்கும் எவருக்கும் ஒரே ஒரு தடவை செலுத்தும் 1000 டொலருக்கு அனுமதி தருவோம். ஒரு கம்பனி எத்தனை இலட்சம் காட் செய்தாலும் அந்த 1000 டொலர்தான். குழுவின் முன்னால் வேறு வழிகளும் இருந்தன. குழு என்வேயை ஏற்றுக்கொண்டது. 1995இல் 100 மெகாபிட் தரநிலையோடு அது வெளியானது.

நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை.

தரநிலையின் முதல் பதிப்பில் சில இடங்கள் தெளிவில்லாமல் இருந்தன. ஒவ்வொரு கம்பனியும் தான் விளங்கிக்கொண்டபடி செய்தது. சில காட்டுகளும் சில சுவிட்சுகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த இடங்களைத் திருத்தினார்கள். ஆனால் அதற்குள் வலையமைப்புப் பராமரிப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு ஊறிவிட்டது: "ஓட்டோவை நம்பாதே. கையால் 100, புல் டூப்லெக்ஸ் என்று பூட்டிவிடு."

இந்த அறிவுரைதான் வியாதியைப் பரப்பியது. எப்படி என்று பாருங்கள்.

ஒரு முனையைக் கையால் பூட்டினால், அந்த முனை பல கருவிகளில் கடிதம் அனுப்புவதையே நிறுத்திவிடும். மறுமுனை இன்னும் ஓட்டோவில் இருக்கிறது. அது கடிதத்துக்குக் காத்திருக்கிறது, வரவில்லை. ஆனால் வயரில் ஓடும் மின்குறியின் வடிவத்தை வைத்து, இது 10ஆ 100ஆ என்று கண்டுபிடித்துவிட முடியும். வேகம் தெரிந்துவிட்டது. ஒருவழியா இருவழியா? அதைக் குறியிலிருந்து அறிய வழியே இல்லை. அப்போது தரநிலை சொல்கிறது: தெரியாவிட்டால் ஒருவழி என்று வைத்துக்கொள். இது முட்டாள்தனமான விதி அல்ல. கடிதம் எழுதத் தெரியாத பழைய கருவி என்றால் அது பெரும்பாலும் ஹப்பாக இருக்கும், ஹப் எப்போதும் ஒருவழிதான்.

ஆக ஒரு முனை "இது இருவழிப் பாதை" என்று எண்ணி ஓட்டுகிறது. மறுமுனை "இது ஒடுங்கிய பாலம்" என்று எண்ணி ஓட்டுகிறது. முதலாமவர் தனக்கு வேண்டிய நேரமெல்லாம் அனுப்புவார். இரண்டாமவர் தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது எதிரே தரவு வருவதைக் கண்டதும், மோதல் என்று பதறி, பாதியில் நிறுத்திவிடுவார். முதலாமவருக்குக் கிடைப்பது பாதி உடைந்த பொதி, அதை அவர் குப்பையில் போடுவார். மறுபடி அனுப்பு, மறுபடி மோதல்.

இதில் பொல்லாத பகுதி என்னவென்றால் இணைப்பு அறுவதில்லை. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது, இரண்டு பக்கமும் 100 என்று காட்டுகிறது. பிங் அடித்துப் பார்த்தால் பதில் வருகிறது, ஏனென்றால் அது சின்னப் பொதி, இருவரும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டி வராது. பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி பண்ணத் தொடங்கினால்தான் ஆமை வேகம். அப்போது யாரைக் குற்றம் சொல்வார்கள்? சேர்வரை, மென்பொருளை, அதை எழுதியவரை. இன்னும் மோசம், இரண்டு முனையையும் ஒழுங்காகப் பூட்டி வைத்த இடத்தில் சில வருடம் கழித்து ஒருவர் சுவிட்சை மட்டும் புதிதாக மாற்றுவார். புதிய சுவிட்ச் ஓட்டோவில் வரும். பூட்டியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், எழுதி வைத்திருக்க மாட்டார்.

ஓட்டோவை நம்பாமல் செய்த வேலையால் வந்த கோளாறு, ஓட்டோவை நம்பக் கூடாது என்பதற்கு ஆதாரமாகவே எடுத்துக் காட்டப்பட்டது. இயந்திரம் கேட்டது ஒன்றே ஒன்று: இருவரும் கதையுங்கள், அல்லது இருவருமே பூட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் வாயை மூடிக்கொண்டால் மற்றவர் ஊகிக்கத்தானே வேண்டும்.

இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 1999இல் வந்த செக்கனுக்கு 1000 மெகாபிட் தரநிலை. அதில் வயரின் நான்கு சோடியும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. தான் அனுப்பியதைக் கழித்துவிட்டு மற்றவர் அனுப்பியதை மட்டும் பிரித்தெடுக்க, இருவரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். யாருடைய கடிகாரம்? அதையும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பல போர்ட் உள்ள சுவிட்சுக்கு முன்னுரிமை. இருவரும் ஒரே தரம் என்றால் ஆளுக்கொரு எழுமாற்று எண் எடுத்து, பெரிய எண் வந்தவர் கடிகாரம் பிடிப்பார். திருவுளச் சீட்டுத்தான்! எனவே இந்த வேகத்தில் பேச்சுவார்த்தை கட்டாயம் என்று எழுதிவிட்டார்கள். அதற்குத் தேவையான கூடுதல் விபரங்கள் போனது, 1994இல் "இன்னும் பக்கம் இருக்கிறது" என்று ஒதுக்கி வைத்த அந்தக் கதவு வழியாகத்தான்.

இப்போது கடிதத்துக்குத் திரும்புவோம்.

1998இல் நெஷனல் இந்தக் காப்புரிமைகளை வேர்ட்டிகல் நெட்வேர்க்ஸ் என்ற கம்பனிக்குக் கொடுத்தது. 1994ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றி வாங்கியவர்களுக்கு அப்போதே தெரியும். 2002இல் வேர்ட்டிகல் ஐ.ஈ.ஈ.ஈ.க்குப் புதிய கடிதம் ஒன்றை அனுப்பியது. 1000 டொலர் என்ற பேச்சு அதில் இல்லை, நியாயமான கட்டணம் என்ற பொதுவான சொற்கள் இருந்தன. கணினிக் கம்பனிகளிடம் உரிமைத் தொகை கேட்கத் தொடங்கினார்கள், பழைய 1000 டொலரை விட எவ்வளவோ அதிகமாக. 2003இல் காப்புரிமைகள் என்-டேட்டா என்ற இன்னொரு கம்பனிக்குக் கைமாறின. அதன் உரிமையாளர், வேர்ட்டிகலுக்குக் காப்புரிமை விடயங்களைப் பார்த்த சட்டத்தரணி. அவரும் பழைய கடிதத்தை அறிந்தவர்.

விலை கூடினால் வேறு முறைக்கு மாறிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1994இல் மாறியிருக்கலாம். 2002இல் முடியாது. உலகத்திலுள்ள கோடிக்கணக்கான போர்ட்டுகள் இந்தக் கடிதத்தைத்தான் வாசிக்கின்றன. வேறு முறையில் பேசும் புதிய கருவியைச் செய்தால் அதோடு பேச ஆளில்லை. பழையவர்களோடு பேச வேண்டும் என்பதற்காகவே உருவாக்கிய ஒன்று அது. அந்த நல்ல குணமே எல்லோரையும் கட்டிப் போட்டுவிட்டது.

அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு, எஃப்.டி.சி., இதை விசாரித்து 2008 ஜனவரியில் முடிவை அறிவித்தது. தரநிலையில் சேர்ப்பதற்காகக் கொடுத்த வாக்குறுதியை, எல்லோரும் கட்டுண்ட பிறகு மாற்றுவது நியாயமற்ற செயல். 1994இல் சொன்ன அதே 1000 டொலரை முதலில் முன்வைக்காமல் இந்தக் காப்புரிமைகளைக் கொண்டு யாரையும் துரத்தக் கூடாது. என்-டேட்டா இணங்கியது. அதே வருடம் செப்டெம்பரில் கட்டளை இறுதியானது.

இது ஏகமனதான முடிவல்ல. வாக்கு மூன்றுக்கு இரண்டு. எதிர்த்த இருவரில் ஒருவர் ஆணைக்குழுவின் தலைவரே. பெரிய கம்பனிகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கூடியவை, அவற்றுக்காகச் சட்டத்தை இந்தளவு நீட்டக் கூடாது என்பது அவரது பக்கம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் என் மனம் மற்ற மூவரின் பக்கம்தான் நிற்கிறது. அந்தத் தொகை கடைசியில் யார் தலையில் விழும்? ஒரு நெட்வேர்க் காட் வாங்குகிற நம்மைப் போன்றவர்கள் தலையில்தான்.

பிறகு 2016இல் 2.5, 5 கிகாபிட் வேகங்களும் இதே சொருகியில் வந்தன. அவையும் அதே துடிப்புக் கொத்தில்தான் பேச்சைத் தொடங்குகின்றன.

கடைசியாக வீட்டுக்குப் பிரயோசனமான ஒன்று. இந்தப் பேச்சுவார்த்தை கருவிகளின் திறமையைத்தான் கேட்கும், வயரைப் பரிசோதிக்காது. கடிதங்கள் போவது இரண்டு சோடியில், 1000க்குத் தேவை நான்கு சோடி. மற்ற இரண்டில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இருவரும் "1000" என்று சந்தோசமாக உடன்பட்டுவிடுவார்கள், பிறகு இணைப்பு எழும்பாது. நல்ல கருவிகள் சில தடவை முயன்றுவிட்டு 100க்கு இறங்கிவிடும். ஃபைபர் எடுத்தும் வயரில் வேகம் 90 சொச்சத்துக்கு மேல் போகவில்லை என்றால், சேவை வழங்குநருக்குத் தொலைபேசி எடுக்க முன், கணினியின் நெட்வேர்க் விபரத்தில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100 என்று இருந்தால், முதலில் கணினியின் போர்ட்டே 100 தானா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் எட்டுக் கம்பியும் ஒழுங்காக உள்ள வேறு வயரொன்றைப் போட்டுப் பாருங்கள். தொலைக்காட்சியின் போர்ட் 100 என்றால் கவலைப்பட வேண்டாம், பல தொலைக்காட்சிகளில் அவ்வளவுதான் வைக்கிறார்கள், படம் பார்க்க அது தாராளம்.